வாட்டு

தினுஷாந்த் கொழும்பிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்தான்;
கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வந்தும்
கீழே வைக்கவில்லையாம்.
இரண்டு கார்ட்.
இரண்டும் வேறு யாருக்கோ இரவு பகலாய் உழைத்தவை.
பிடிக்காததைத் திருப்பித் தர
இரண்டு கிழமைத் தவணை.

பெரியதற்கு மூன்று விசிறி, விளிம்பில் சிவப்பு வெளிச்சம்.
தம்பிக்கு அதுதான்.
"அக்கா, இதைப் பாருங்க, லொறி மாதிரி."
மற்றது ஒல்லி. விசிறி இரண்டு. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

நான் கொப்பியை எடுத்தேன்.
பகலில் கொழுந்து நிறுப்பவள்,
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு
என்று கழித்தே எழுதிப் பழகிய கை.
இலையில் ஒட்டிவரும் மழைக்கு
யாரும் சல்லி கொடுப்பதில்லை.

லொறி: இருபத்தொன்பது மெகாஹாஷ், நூற்று முப்பத்தைந்து வாட்.
ஒல்லி: முப்பத்தொன்று. எழுபத்தெட்டு வாட்.
இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். தம்பி மூன்றாம் தரம் எழுதினான்,
எழுத்து அழகாக இருந்ததே தவிர
எண் மாறவில்லை.

வீட்டுக்கு எழுபத்தைந்து யூனிட்.
மதர்போர்டுக்கும் மற்றதுக்கும் முப்பது வையுங்கள்.
லொறியை ஏற்றினால் மாதம் இருநூறு தாண்டும்,
நூற்றெண்பதுக்கு மேலே லைட் பில்
வேறு பாஷை பேசும்.
அருவியையே குழாய்க்குள் போட்டுக் கரண்ட் எடுத்த ஊர் இது,
தலவாக்கலை;
ஆனாலும் பில் எங்கள் பெயருக்குத்தான் வருகிறது.

முதல் கிழமை லொறியை ஓட்டிப் பார்த்தோம்.
எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு
மீட்டர் வட்டுக்கு டோர்ச் அடித்தோம்.
கறுப்புக் கோடு வருகிறது, போகிறது,
மறுபடி வருகிறது,
கங்காணிக்குப் பயந்தவன் மாதிரி.

இரண்டாம் கிழமை ஒல்லி.
வோல்டேஜை ஒரு படி இறக்கினேன். இன்னொரு படி.
திரை கிழிந்து பச்சையாய்ச் சிதறியது.
ஒரு படி ஏற்றினேன்.
சோறு வடித்த பிறகு அடுப்பில் தணலை இழுப்பதுபோல
அவ்வளவுதான், பெரிய வித்தை இல்லை.
எழுபது வாட்டில் நின்றது. முப்பத்தொன்று குறையவில்லை.
தினுஷாந்த் கை கொடுத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு
ஹம்ஷிகா ஒரு மேஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"அம்மா, இது காயலை."

ஆடி மழை. பதினேழு நாளாய் வெயில் இல்லை.
போன கிழமை மட்டும்
மேஸ் எப்படிக் காய்ந்தது என்று
நான் யோசிக்கவேயில்லை.
லொறியின் முதுகுப் பக்கம் ஒரு ஆணி,
ஆணியில் இரண்டு மேஸ்,
விடிய நாலு மணிக்கே மொறுமொறு.

சூட்டை நான் நட்டம் என்றுதான் எழுதியிருந்தேன்,
சிவப்புப் பேனையால்.

அயன்பொக்ஸ் போட்டால் எவ்வளவு என்று பார்த்தேன்.
லொறியை இரவில் மட்டும் ஓட்டினால்?
மழை மாதத்துக்கு மட்டும்?
ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு;
எந்த வழியில் போனாலும்
நூற்றெண்பது வந்து குறுக்கே நின்றது.
ஹம்ஷிகா ஈர மேஸோடு பள்ளிக்கூடம் போனாள்.
போகும்போது ஒன்றும் சொல்லவில்லை.
சப்பாத்து மட்டும் சொதசொதவென்று.

தவணை முடிய ஒரு நாள் இருக்கும்போது
லொறி பெட்டிக்குள் போனது.
தம்பி அதன் விசிறியை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டு
மூடினான்.

அன்று ஃபேக்டரியில்
மேல்மாடிக்கு ஏறிப் போய் நின்றேன்.
நீளத் தட்டில் கொழுந்து,
அடியிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று.
அதிகம் சூடு வைத்தால் கருகும் என்பார் வாட்டுகிற வேலு;
காற்று போகிற வழிதான் முக்கியம் என்பார்.
அதை ஆறு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பிஸ்கட் பெட்டி ஒன்று.
அடியை வெட்டி, வாயைக் குறுக்கி,
ஒல்லியின் பின்னால் டேப் போட்டு ஒட்டினேன்.
எழுபது வாட்.
விசிறி இரண்டின் மூச்சும் ஒரே துளையில்
மேஸின் விரல் நுனிக்குப் போகும்படி.
காதை வைத்துக் கேட்டேன். பிறகு படுத்தேன்.

காலை ஆறு மணி.
இடது மேஸ் காய்ந்திருந்தது.